காலாவதியான ஊசி

கொச்கோர் என்ற மலையூரின் பால் நிலையத்தில் ஜிபாரின் கண்ணில் மண்ணைத் தூவியவர் எவரும் இல்லை. பதினேழு வருடமாக அங்கே பால் சோதிப்பது அவள் வேலை. கேனைத் திறந்து முகர்வாள், கரண்டியால் கிளறுவாள், அளவுக் குழாயை மிதக்கவிடுவாள். பிறகு பால் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்ப்பாள். குழாய் சொல்வதைவிட முகம் சொல்வதைத்தான் அதிகம் நம்புவாள். "ஏன் அண்ணா, பசுவை ஆத்துல நிக்க வெச்சா கறந்தீங்க?" என்று அவள் ஒரு தடவை கேட்டால் போதும், அந்த மனுஷன் ஒரு வருடத்துக்குத் தண்ணீர்க் குடத்தின் பக்கம் போகமாட்டார். சந்தேகம்தான் அவளுக்குச் சம்பளம் வாங்கித் தந்தது. நிலையத்தைப் பூட்டும்போது அதையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் ஒரு காலத்தில் அதற்கு வேலை இருந்தது. கணவன் கெங்கேஷ் குடிகாரன். அடிக்கமாட்டான், கத்தமாட்டான். குடித்துவிட்டு அழுவான், வைக்கோல் போரில் விழுந்து தூங்குவான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை இரண்டு முறை கையைவிட்டுப் போய், யார் யார் காலையோ பிடித்து ஜிபார்தான் திரும்ப வாங்கித் தந்தாள். மூன்றாம் முறை அவள் யார் காலையும் பிடிக்கவில்லை. தன் துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள்.

"ஊசி போட்டுக்கிட்டு வாங்க. அதுக்கப்புறமும் ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா, நான் நாரின்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அந்த நாட்டில் குடியை நிறுத்த ஊசி போடுவார்கள். இதற்கு மேல் குடித்தால் நெஞ்சு அடைத்துச் செத்துப்போவாய் என்று முகத்துக்கு நேரே சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போடுவார்கள். ஒரு வருடத்துக்கு உண்டு, மூன்று வருடத்துக்கு உண்டு, ஐந்து வருடத்துக்கும் உண்டு. ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சாவு இருக்கிறது என்று மட்டும் எல்லாரும் நம்பினார்கள். கெங்கேஷ் தலைநகருக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். "அஞ்சு வருஷம்," என்றான். அதைக் கேட்டுப் பள்ளிக்கூடமும் வேனைத் திரும்பக் கொடுத்தது.

ஊசியால் இன்னொரு பெரிய லாபமும் இருந்தது. விருந்தில் வாழ்த்துச் சொல்லி வோட்கா ஊற்றினால் மறுக்க முடியாத ஊர் அது. வயிற்றுப்புண், நாளைக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்ற சாக்கெல்லாம் அங்கே செல்லாது. ஆனால் "அவன் ஊசி போட்டவன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், பாட்டில் தானாக அடுத்தவரிடம் போய்விடும். விருந்து வீட்டில் சாவு விழுவதை யார் விரும்புவார்கள்? மூன்று வருடம் கெங்கேஷ் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இந்த இலையுதிர் காலத்தில் பசுவின் தடுப்பூசிச் சீட்டைத் தேடித் தகரப் பெட்டியைக் குடைந்தபோது, கெங்கேஷின் ஊசிக் காகிதம் ஜிபார் கையில் சிக்கியது. எத்தனை காலத்துக்கு என்ற இடத்தில் டாக்டர் ஏதோ கிறுக்கியிருந்தார். எப்படிப் பார்த்தாலும் ஐந்தாகத் தெரியவில்லை.

காகிதத்தைக் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு நேரே கூல்சைராவிடம் போனாள். கூல்சைரா கெங்கேஷின் அண்ணன் மனைவி. ஆஸ்பத்திரியில் இருபது வருடம் ஆயாவாக இருந்தவள், டாக்டர் கிறுக்கல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஒண்ணுடி இது. ஒரே வருஷம்தான். முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றாள் கூல்சைரா. கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப இந்த ரெண்டு வருஷமா உம் புருஷன் என்னடி பண்ணிக்கிட்டிருக்கான்?"

"அதான் அக்கா எனக்கும் தெரியல. இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் கூல்சைரா. அவளுக்கு வேறு வேலை இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஜிபாருக்கும் தெரியும். தெரிந்தும் போய்ச் சொன்னாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த தப்பு.

அன்றிலிருந்து வீடு பால் நிலையமாக மாறியது. கெங்கேஷ் உள்ளே நுழைந்ததும் கோட்டை வாங்கி மாட்டுவதுபோல் முகர்ந்து பார்த்தாள். தேநீர் நீட்டும்போது வாயருகே குனிந்தாள். அடுப்பு விறகுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக் கூரையில், அவன் ரப்பர் பூட்ஸுக்குள் எல்லாம் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதது அவளை இன்னும் பயமுறுத்தியது. இரண்டு வருடம் பிடிபடாமல் குடிப்பவன் எவ்வளவு பெரிய கள்ளனாக இருக்க வேண்டும்!

பள்ளி விட்டு ஐந்து மணிக்கு வரவேண்டிய வேன் ஐந்தரைக்குத்தான் வருகிறது என்பதைக் கவனித்தாள். ஒரு நாள் பாலத்துப் பக்கம் போய் மறைந்து நின்று பார்த்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்டபின் கெங்கேஷ் பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம். அவன் போனதும் ஓடிப்போய்ப் பார்த்தாள். வண்டி நின்ற இடத்தில் தரையெல்லாம் சூரியகாந்தி விதைத் தோல். 'வாசனையை மறைக்கிறான்' என்று முடிவு கட்டினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு வரும் வழியிலேயே மதுக்கடை இருப்பதும், அவனுடைய பழைய கூட்டாளிகள் ஐந்திலிருந்து ஐந்தரை வரை அதன் வாசலில் நிற்பதும் அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். சந்தேகம் பிடித்தவளுக்கு எல்லாம் தெரியும், கூட்டிப் பார்க்கத்தான் வராது.

மூன்றாவது வாரம் கெங்கேஷின் அண்ணனும் கூல்சைராவின் கணவருமான ஷெய்ஷெனுக்கு அறுபதாவது பிறந்தநாள் விருந்து. ஆட்டுத்தலை வந்தது, நூடுல்ஸும் கறியும் தட்டுத் தட்டாக வந்தன. ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்தினார்கள். கெங்கேஷின் முறை வந்தபோது, பக்கத்திலிருந்தவர் வழக்கம்போலப் பாட்டிலை அவனைத் தாண்டி நகர்த்தினார்.

"நில்லு," என்றார் ஷெய்ஷென். "அவனுக்கும் ஊத்து. ஊசி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சாம். தம்பி நம்மள எல்லாம் நல்லா ஏமாத்தியிருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். கூல்சைரா தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவினாள். கெங்கேஷ் சிரிக்கவில்லை. மேஜையின் மறுகோடியிலிருந்த ஜிபாரை ஒரு முறை பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"வேண்டாம் அண்ணா," என்றான்.

"ஏன் வேண்டாம்? சாகவா போற? அறுபது வயசு அண்ணன் நல்லா இருக்கணும்னு ஒரு மடக்கு குடிக்கமாட்டியா?"

"நீங்க நல்லா இருக்கணும். ஆனா வேண்டாம்."

"அப்ப உனக்கு என்மேல என்னமோ வருத்தம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கிண்ணம் நிரம்பி அவன் முன்னால் வந்து உட்கார்ந்தது. கெங்கேஷின் கை மேஜைமீது மெல்ல நகர்ந்து கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது. தள்ளத்தான் போகிறதா, தூக்கப்போகிறதா என்று ஜிபாருக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இந்த மனிதன் இரண்டு வருடமாக எந்த ஊசியும் இல்லாமல் வெறும் கையோடு நின்றிருக்கிறான். அவனிடம் இருந்த ஒரே வேலியையும் நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

எழுந்தாள். பெரியவர்கள் நடுவில் அந்த வீட்டு மருமகள் குரல் உயர்த்துவது வழக்கமில்லை.

"மாமா, அந்தக் கிண்ணத்தை எடுங்க. பழசு முடிஞ்சது நிஜம்தான். போன வாரம் புதுசு போட்டாச்சு. நானே கூட்டிட்டுப் போனேன். அஞ்சு வருஷம்."

"போன வாரமா?" சமையலறை வாசலிலிருந்து கூல்சைரா எட்டிப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி. பேப்பர் எங்க?"

ஜிபார் மேஜையிலிருந்த ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தாள். "பொய் சொன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டால், அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை. ஷெய்ஷென் முணுமுணுத்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்துத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது வேனில் திரும்பினார்கள்.

"ரொட்டி மேல பொய் சத்தியம் பண்ணிட்டியே," என்றான் கெங்கேஷ்.

"ஆமா. அடிச்சா அடிக்கட்டும்."

"அதுவும் அஞ்சு வருஷம்." முதல் முறையாகச் சிரித்தான். "நான் சாயங்காலம் வரைக்கும்தான் சொல்லிக்குவேன். காலைல எந்திரிச்சா, சாயங்காலம் வரைக்கும் வேண்டாம். சாயங்காலம் ஆனா, தூங்கற வரைக்கும் வேண்டாம். அஞ்சு வருஷம்னு நெனச்சா எனக்குக் கை காலெல்லாம் நடுங்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மோந்து பாத்துக்கிட்டே இருப்ப."

ஜிபாருக்கு அழுகை முட்டியது. "மூணு வாரமா மோந்துதான் பாத்தேன்."

"தெரியும்," என்றான் அவன். "அந்த மூணு வாரம்தான் ரொம்பக் கஷ்டமா போச்சு. எப்படியும் நம்பமாட்டேங்கறா, அப்புறம் எதுக்குன்னு தோணிடுச்சு. ரெண்டு நாள் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன்."

உள்ளே போனீர்களா என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினேழு வருடத்தில் இப்படி வந்த ஒரு கேள்வியைக்கூட அவள் கேட்காமல் விட்டதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டாள்.