முன்னால் உட்கார்ந்தவள்

கோபப்படுவதில் ஒடீலுக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அவள் கோபத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆள்தான் அமைந்ததில்லை.

வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்தவள். எங்கே சேர்த்துக்கொண்டாலும் அவள் தோளைப் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியில் இரும்புக் குண்டு எறியக் கூப்பிட்டார்கள். பதக்கம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அப்பா சுரங்கத்திலிருந்து இருமலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த வருஷம் வெல்டிங் படித்தாள். அந்தக் குடும்பத்தில் ஒரு படிப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு கியூபெக் நகரத்துக்கு வந்து, ஆற்றின் தென்கரையில் கப்பல் பட்டறை வேலை. அங்கேயும் ‘தோள்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒடீல் என்ற பெயர் வருகைப் பதிவில் மட்டும் இருந்தது.

பட்டறை வாசலுக்கே வந்து அவளைக் கேட்டவள் ரொலாந்த். ஆற்று நடுவே இருக்கும் தீவுக்காரி, பாற்கட்டி ஆலையில் வேலை, பனிப் படகுப் பந்தயத்தில் பெண்கள் அணி ஒன்றின் தலைவி.

“எங்க படகுல முன் இடம் காலியா இருக்குங்க. என் தங்கச்சிக்கு முட்டி போயிடுச்சு. உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டோம். வர்றீங்களா?”

“தோளைப் பத்தியா?”

ரொலாந்துக்கு முகம் சிவந்தது. “தோளைப் பத்தியும்தான்.”

பொய் சொல்லாததற்காகவே ஒடீல் போனாள்.

படகில் ஐந்து பேர். தண்ணீர் இருக்கிற இடத்தில் துடுப்பு. பனிப்பாளம் வந்தால் குதித்து, ஒரு முட்டியைப் படகுக்குள் ஊன்றி, ஆணி பதித்த செருப்புக் காலால் பனியை உதைத்து உதைத்து படகை ஓட்ட வேண்டும். மறுபடி தண்ணீர் வந்தால் மறுபடி உள்ளே. துடுப்புப் போடும் நால்வரும் போகிற திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். கடைசியில் சுக்கான் பிடிக்கும் ரொலாந்துக்கு மட்டும்தான் முகம் முன்னால் பார்த்திருக்கும். அவள் “பனி!” என்று கத்தினால் முதலில் திரும்பிக் குதிக்க வேண்டியவள் முன்னால் இருப்பவள். கரையோரக் கெட்டிப் பனியில் ஒரு மாதம் பயிற்சி. ரொலாந்த் கத்துவாள், ஒடீல் குதிப்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

மற்ற மூவரும் ரொலாந்துக்குச் சொந்தம். மிரேய், சித்தப்பா மகள். வாயாடி. லீஸும் பெர்னதெத்தும் அக்கா தங்கை, அத்தை வழி. நால்வரும் நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கத்தில் மாதா கோயில் சாமான்களின் பெயர்தான் வசவு. ஒன்று பாக்கி இருக்காது: நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், அப்பம் எல்லாம் அவர்கள் வாயில் புரண்டு எழும். “துடுப்பைப் புடிடி, கிண்ணமே, கரண்டி புடிக்கிற மாதிரி புடிக்காதே” என்பாள் மிரேய். ஒடீல் பக்கம் திரும்பினால் மட்டும் குரல் மாறும். “உங்களுக்குக் குளிருதுங்களா?” வீட்டுக்கு வந்த கணக்கு வாத்தியாரிடம் பேசுகிற மாதிரி.

பருவத்தின் முதல் பந்தயத்தில் அது நடந்தது. நடு ஆற்றில் ரொலாந்த் “பனி!” என்றாள். ஒடீல் துடுப்பை உள்ளே இழுத்தாள், திரும்பினாள். கீழே இருந்தது பாளம் இல்லை, சாம்பல் நிறக் கூழ். கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குதித்தாள். கத்தியாயிற்று, குதிக்க வேண்டியதுதானே. மார்பு வரை இறங்கிப் போனாள். விளிம்பைப் பிடித்த கைதான் மிச்சம். பெர்னதெத் அவள் ரப்பர் உடையின் முதுகைப் பற்றி இழுத்து உள்ளே போட்டாள். ஒடீல் நீச்சல் தெரிந்தவள்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் மூச்சு நெஞ்சுக்குள் வராமல் வெளியிலேயே நின்றுவிட்டது.

கரையில் போர்வை போர்த்தினார்கள். பட்டாணி சூப் கொடுத்தார்கள். ஒருத்தியும் ‘தப்பாச் சொல்லிட்டோம்’ என்று சொல்லவில்லை.

“ஆத்துல இதெல்லாம் சகஜம்ங்க” என்றாள் ரொலாந்த், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒடீல் சூப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்தாள். அவளைக் கூழில் தள்ளியது ரொலாந்தின் வாய். அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது அவள் சொந்தக்காரக் கூட்டம். வந்தவள் முங்கினால் என்ன, தோள் இன்னொன்று கிடைக்கும். விட்டுத் தொலைத்துவிடலாம். ஆனால் விட மனம் வரவில்லை. அந்த முன் இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்துக்கு மேல் ஆத்திரம்.

சனிக்கிழமை பயிற்சிக்குப் படகுத் துறைக்கு வந்தாள்.

“நாளைப் பந்தயத்துக்கு நான் வேணும்னா, இன்னிக்கு நான் பின்னாடி. நீங்க முன்னாடி.”

“நீங்க சுக்கான் புடிச்சிருக்கீங்களா?” என்றாள் ரொலாந்த்.

“நீங்க கூழ்ல இறங்கியிருக்கீங்களா?”

ஐந்து பேர் இல்லாமல் படகைப் பந்தயத்தில் விடமாட்டார்கள். வேறு ஆளும் கையில் இல்லை. ரொலாந்த் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

பின்னால் உட்கார்ந்த பிறகுதான் நான்கு முகங்களும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை ஒடீல் முதல் தடவையாகக் கண்டாள். அக்கரைக் கோபுரம் தெரிந்தது, தீவு தெரிந்தது, தூரத்துப் பாளங்களெல்லாம் தெரிந்தன. படகின் மூக்குக்குக் கீழே இருந்தது மட்டும் தெரியவில்லை. மூக்கு அவ்வளவு தூக்கலாக இருந்தது. பாளம் ஒன்று நெருங்கி, மூக்குக்கு அடியில் போய் மறைந்தது. கெட்டியா, கூழா?

“பனி!” என்று கத்தினாள்.

ரொலாந்த் துடுப்பை இழுத்தாள், திரும்பினாள், மூக்கில் முட்டி வைத்துக் கீழே எட்டிப் பார்த்தாள். “பேழை, கிண்ணம், அப்பம் எல்லாம் நாசமாப் போக!” என்று அலறிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒடீல் வாயைத் திறப்பதற்குள் மற்ற மூவரும் துடுப்பைப் பின்பக்கமாகப் போட்டுப் படகை இழுத்துவிட்டார்கள்.

“நான்தான் பனின்னு சொன்னேனே. ஏன் குதிக்கல?”

மிரேய் சிரித்தேவிட்டாள். “நீங்க சொன்னா? பின்னாடி இருக்கறவளுக்கு என்னங்க தெரியும்? பனி பக்கத்துல வந்துடுச்சுன்னுதான் அவ சொல்லுவா. குதிக்கறதா வேண்டாமான்னு முன்னாடி இருக்கறவதானே சொல்லணும்.”

“யாரு சொல்லணும்?”

“முன்னாடி இருக்கறவ. அவ திட்டினா வேணாம்னு அர்த்தம். திட்டலேன்னா குதிக்கறா.” சொல்லச் சொல்ல மிரேயின் சிரிப்பு வற்றியது.

ஒடீல் சுக்கான் துடுப்பைப் படகுக்குள் வீசினாள்.

“இதை எனக்கு யார் சொன்னீங்க?”

ஆறு படகைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போனது. ஒருத்தியும் துடுப்பைத் தொடவில்லை.

“எங்க யாருக்கும் யாரும் சொன்னதில்லைங்க” என்றாள் லீஸ் மெதுவாக. “சின்ன வயசுலேருந்து பாக்கறதுதான்.”

“நான் உங்க வீட்டுல பொறந்தேனா? உங்க தொட்டில்ல படுத்தேனா? ஒரு மாசம். ஒரு மாசமா உங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்தேன். குளிருதுங்களா, சூப் குடிங்க, உக்காருங்க. இந்த மரியாதையைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க. வேணாம்னு சொல்ற உரிமை என்கிட்ட இருக்குன்னு ஒருத்திக்குச் சொல்லத் தோணல. கூழைப் பாத்தேன். கண்ணால பாத்தேன். உத்தரவுன்னு நினைச்சுக் குதிச்சேன்.”

ரொலாந்த் எழுந்து நின்றாள். படகு ஆடியது.

“பாத்துட்டா குதிச்சே?” அவள் குரல் கிழிந்தது. “பாத்துட்டு? பனி கெட்டின்னு பாத்துதான் நீ குதிக்கறேன்னு நான் நினைச்சேன்டி. வழுக்கி விழுந்துட்டேன்னு நினைச்சேன். ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல. ஏண்டி, வாய் இல்லையா உனக்கு? உன் உயிர்தானே? எவளோ பின்னாலேருந்து கத்தினா நீ செத்துப் போயிடுவியா?”

“என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? வாய்க்கா, தோளுக்கா?”

“தோளுக்குத்தான். வந்தப்பறம் வாயைத் தொறக்க வேண்டியது உன் வேலை.”

“தொறக்கலாம்னு சொல்ல வேண்டியது உன் வேலை.”

“சரி, என் வேலைதான். சொல்லல. தப்புதான். போதுமா?”

“போதாது.”

“போதாதுன்னா வெச்சுக்கோ. அதுக்குள்ள நாம கடலுக்குப் போயிடுவோம்” என்று மிரேய் கத்தினாள். அப்போதுதான் எல்லோரும் கரையைப் பார்த்தார்கள். துறை எங்கோ பின்னால் போயிருந்தது. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்பி வரும்போது சண்டை போடக் கூட ஒருத்திக்கும் மூச்சு இல்லை. மன்னிப்புக் கேட்டாயிற்று என்று ஒடீலுக்குக் கோபம் தணிந்துவிடவில்லை. கேட்டு வாங்கிய மன்னிப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால்தான் உட்கார்ந்தாள். அதற்காக ஒருத்தியும் நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நடு ஆற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே மஞ்சள் படகு. “பனி!” என்றாள் ரொலாந்த். ஒடீல் திரும்பினாள். சாம்பல் நிறம். மேலே ஆடை கட்டிய பால் மாதிரி ஒரு மினுக்கு. போன வாரத்துக் கூழும் இப்படித்தான் இருந்தது, அல்லது இருந்ததாகத் தோன்றியது. இருந்த கோபத்தையெல்லாம் திரட்டி, வாய்க்கு வந்த கோயில் சாமான் அத்தனையையும் சொல்லிக் கத்தினாள். அவள் கத்தி முடிக்கும் முன்பே படகு இடப்பக்கம் திரும்பியிருந்தது. எட்டிப் பார்க்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, சுக்கானை அழுத்தியிருந்தாள் ரொலாந்த். மூவரும் அதே இழுப்பில் இழுத்தார்கள்.

மஞ்சள் படகில் முன்னால் இருந்தவள் அதே பாளத்தின் மேல் குதித்தாள். பனி தாங்கியது. ஐந்து பேரும் அதன்மேல் உதைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். சுற்றி வருவதற்குள் இன்னும் இரண்டு படகுகள் முந்திவிட்டன.

கரை ஏறியதும் மிரேய் தொப்பியைக் கழற்றி எறிந்தாள்.

“தாங்கிச்சுடி! மஞ்சப் படகுக்காரிங்க அதுமேல கல்யாண டான்ஸ் ஆடிட்டுப் போறாளுங்க. நீ என்னத்தைப் பாத்தே?”

“எனக்குத் தாங்காதுன்னு பட்டுச்சு.”

“பட்டுச்சாம். மூணாவது இடம் போச்சு.”

“அவளுக்குப் பட்டுச்சு, சொன்னா. நான் திருப்பினேன்” என்றாள் ரொலாந்த். “திட்டறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு.” பிறகு ஒடீல் பக்கம் திரும்பினாள். “ஆனா அது கல்லு மாதிரி பனிடி, குருடி. குழந்தை கூட நடக்கும்.”

“நீ பாத்தியா?”

“நான் எப்படிப் பாக்க முடியும்?”

“அப்ப பேசாதே.”

“பேசுவேன். ராத்திரி சோத்துக்கு உக்காரும்போதும் பேசுவேன். அடுத்த வாரமும் நீ வேணாம்னா திருப்புவேன். திருப்பிட்டு வந்து பேசுவேன்.”

“எனக்குச் சரியாப் பட்டதைத்தான் சொல்லுவேன். இன்னும் பத்துப் படகு முந்தட்டும்.”

“முந்தும். உன் கண்ணுக்கு முந்தத்தான் செய்யும்” என்றாள் மிரேய்.

அடுத்த பந்தயத்துப் படகுகள் இறங்க வழி விடச் சொல்லிப் பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். நால்வரும் இன்னும் அந்தப் பாளத்தின் நிறத்தைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தார்கள். ஒடீல் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தூக்குங்கடி” என்றாள். “கை விறைக்குது.”