வாத்துகள் வாங்கித் தந்த விருது

கண்ணுசாமிக்கு ஆராய்ச்சி விருதின்மேல் ஆசை பிறந்தது அறிவியலால் அன்று. மைத்துனனின் கல்யாணப் பத்திரிகையால். அது எழுபத்திரண்டிலா எழுபத்துமூன்றிலா என்பதில் குடும்பத்தாரிடையே கருத்து வேற்றுமை உண்டு. தை அறுவடைக்குப் பின் என்பதில் இல்லை.

மாமனார் வீரையன், திருக்காட்டுப்பள்ளிக்கு அருகில் ஒரு கிராமத்தில் கட்சியின் கிளைச் செயலாளர். பட்டமில்லாத பெயரை அச்சில் பார்த்தால் அவருக்கு உப்பில்லாத சோற்றைத் தின்றது போலிருக்கும். மேடைகளில் பாடும் மூத்த மருமகன் மருதையனுக்கு ‘இசை இடி’ என்று எப்போதோ சூட்டிவிட்டார். தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் சாலைப் பாடம் நடத்தும் இளைய மருமகன் கண்ணுசாமிக்குத்தான் எதுவும் அமையவில்லை.

“இடி இருக்கிற பத்திரிகையில நீங்க ஒரு தூறலாக்கூட இல்லீங்களே!” என்றாள் அவர் மனைவி அம்சவல்லி. “விருது ஒண்ணு வாங்கட்டும், பட்டம் நான் போடுறேன்னு அப்பா சொல்லிட்டாங்க.”

வாகன நெரிசலை முன்கூட்டியே நடத்திக் காட்டும் மாதிரிக்குச் சென்னை ஆராய்ச்சிக் கழகம் ஒன்று அப்போது விருது அறிவித்திருந்தது. மற்றவர்கள் கணிப்பொறியை நாடினார்கள். கண்ணுசாமியோ அதைப் படத்தில் மட்டுமே கண்டவர். ஆனால் கடைத்தெருவில் பேருந்தும் மாட்டுவண்டியும் முட்டி நிற்கும்போதெல்லாம் அவருக்கு வாத்துக்கூட்டமே நினைவுக்கு வரும். முன்னால் போவது நின்றால் பின்னால் வருவது மேலே ஏறும். எதுவும் வழிவிடாது, எல்லாம் கத்தும்.

அறுத்த வயலில் வாத்து மேய்க்க வந்திருந்த வைரக்கண்ணுவைப் பிடித்தார்.

“பஸ்ஸு எதுங்க?”

“வெள்ளை வாத்து.”

“மாட்டுவண்டி?”

“சாம்பல்.”

“மந்திரி காரு வந்தா?”

“ஒண்ணை நீ தலைக்கு மேல தூக்கிட்டு ஓடு.”

வீரையனின் குத்தகை வயலில் கடைத்தெரு உருவாயிற்று. தெருவின் இரு ஓரங்களுக்கும் மண் அணைத்துப் புது வரப்புகள் போட்டார். சாலையையே நினைத்துக்கொண்டிருந்தவர் நிலத்தை மறந்துவிட்டார். குத்தகைச் சட்டமும் நில உச்சவரம்பும் ஊரையே உறங்கவிடாத காலம் அது. புது வரப்பு என்றால் புது வழக்கு என்று பொருள்.

விருதுக்கான நடுவர்கள் இருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வாத்துகள் புறப்பட்ட மாத்திரத்தில் கிழக்கிலிருந்து, நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் காரியஸ்தர் ரெத்தினம் ஆட்களோடு வந்தார். மேற்கிலிருந்து குத்தகைதாரர்களோடும் கொடியோடும் வீரையன் வந்தார். குத்தகைதாரர் நிலத்தை வளைப்பதாக ரெத்தினமும், மிராசுதார் வளைப்பதாக வீரையனும் எண்ணி, இரு தரப்பும் நடுத்தெருவில் உட்கார்ந்து மறியல் தொடங்கின.

“மாமா! வரப்பு போட்டது நான்தான்!”

“அதை உட்காருறதுக்கு முன்னால சொல்லியிருக்கணும், மாப்பிள்ளை. உட்காந்த பிறகு கோரிக்கை நிறைவேறாம எந்திரிச்சா கட்சிக்கு அவமானம்.”

வெள்ளையும் சாம்பலும் முட்டி மோதி ரெத்தினத்தின் மடியில் ஏறின. மந்திரி வாத்து வைரக்கண்ணுவின் தலைக்கு மேலிருந்து கத்தியது. பட்டம் பறந்தது என்று கண்ணுசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“அற்புதம்!” என்றார் மூத்த நடுவர். “மறியலையும் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களே! வேறு எவருக்கும் இது தோன்றவில்லை.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்த கணவரின் காலை, வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில் நின்ற அம்சவல்லி மிதித்தாள். மிதி வாங்கியும் அவர் சொல்லிவிட்டார். “ஐயா, இவர்கள் என் ஏற்பாடு அல்ல.”

“அதுதான் சிறப்பு! மறியலை முன்கூட்டி யார் சொல்லிவிட்டு நடத்துகிறார்கள்?”

வரப்பை அழிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையில் அந்த ஆண்டு முதன்முறையாக இரு தரப்பும் ஒன்றுபட்டன. அழித்தார்கள், எழுந்தார்கள்.

விருது வந்தது. பத்திரிகையும் அச்சாகி வந்தது: ‘வாத்து வேந்தர்’ கண்ணுசாமி.

“ஏம்ப்பா, சாலைன்னு ஒரு வார்த்தை சேர்க்கப்படாதா?” என்றாள் அம்சவல்லி.

“சாலை எல்லா ஊரிலயும் இருக்கும்மா. இது நம்ம மாப்பிள்ளைக்கு மட்டும்தான்.”

வேந்தருக்கு மேலே இடி எப்படி நிற்கும் என்று அச்சகத்தாரே வரிசையை மாற்றிவிட்டதால், மருதையன் கல்யாணத்தில் பாட மறுத்தார். அதற்கும் கண்ணுசாமிக்கே நன்றி சொன்னவர்கள் உண்டு. முதல் பத்திரிகையை வைரக்கண்ணுவுக்கு வைத்துவிட்டு அவர் பெருமிதத்தோடு திரும்பியபோது, வாசலில் அம்சவல்லி ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாங்க வேந்தரே! பின்னால எச்சம் ஒட்டியிருக்கு, வேட்டியை மாத்திட்டு உள்ள வாங்க.”