சர்க்கரை போடாத கை

வயர்மேனின் கைக்கு மறதி கிடையாது. தொல்லையே அதுதான். முதல் மனைவிக்குச் சர்க்கரை நோய். அவளுக்காகத் தினமும் வெறும் டீ போட்டே பழகிய கை, அவள் போய்ச் சேர்ந்து இரண்டாமவள் வந்த பிறகும் சர்க்கரை டப்பா பக்கம் போகவில்லை. இவளோ இனிப்புப் பைத்தியம். "இதெல்லாம் ஒரு டீயா?" என்று ஆரம்பத்தில் சிரித்தாள், பிறகு அப்படியே வாங்கிக் குடித்தாள். அவள் பாதி டம்ளர் குடித்த பிறகுதான் அவருக்கு உறைக்கும், சுருக்கென்று குத்தும். மறுநாளும் அதே கதை.

நர்ஸ் வேலை பார்க்கும் மகளிடம் புலம்பினார்.

"ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சா, மூளையில செல்லும் செல்லும் சேர்ற இடம் பலமாயிடும்ப்பா. அந்தப் பலம் அப்படியே நின்னுடும். ஞாபகங்கிறதே அதுதான்."

ஜாயிண்ட்! அவர் முறுக்கிய வயர் ஜாயிண்ட் எது கழன்றிருக்கிறது?

மறுநாள் டப்பாவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, தாராளமாகச் சர்க்கரை போட்டு நீட்டினார். மனைவி ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, ஒரே தித்திப்பு! எப்பவும் போடுற மாதிரியே போடுங்க."

மூத்தவளின் நாக்கை இவள் வாயில் ஜாயிண்ட் போட்டுவிட்டார், பாவி மனிதர். கழற்றத்தான் தெரியவில்லை.