லண்டன் கையும் கனடா வயரும்

1992ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை காலை, யேசுரட்ணம் லண்டன் ஈஸ்ற்ஹாமில் இருந்த தன் வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்தினார். பிறகு திரும்பவும் போட்டார். அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கப்போகும் நண்பர் அருள்நாயகம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, வீட்டோடை பிரியாவிடையோ?"

"சும்மா சரிபாத்தனான். ரெண்டு வருசம், மறந்திடாதை. கனடாவிலை எனக்கு எலெக்ட்ரிஷன் லைசென்ஸ் கிடைக்காட்டி நான் திரும்பி வந்திடுவன். நீ சாமானைக் கட்டவேணும்."

"நீ வரமாட்டாய். அதாலைதான் நான் கட்டில் வாங்கிப்போட்டன்."

வெளியே டாக்சியில் மனைவி வேரோனிக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் காத்திருந்தார்கள். இந்த இரண்டு வருடக் கணக்கு தனக்கும் கேட்டது என்கிறார் வேரோனிக்கா அக்கா. "கேட்டது. ஆனா நான் அதுக்கு ஓம் எண்டு சொல்லேல்லை."

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் அவர்கள் இருவரும்தான். நாலு வருடம் எங்கெங்கோ அலைந்துவிட்டு 1996இல் நான் ரொறன்ரோவுக்குத் திரும்பியபோது, அவர்களுடைய ஸ்காபரோ வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மன்றில்தான் வாடகைக்கு இருந்தேன். ஒருவர் சொல்ல மற்றவர் திருத்துவார். பெரும்பாலும் திருத்திய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யேசுரட்ணம் அண்ணை லண்டனுக்குப் போனது எழுபத்தொன்பதில். பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றபடியே எலெக்ட்ரிஷன் வேலை படித்தார். அதன் பிறகு பத்து வருடம், நகரசபை வீடுகளில் கரண்ட் திருத்துவதுதான் வேலை. சொந்த வேன் இருந்தது. அவரது பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வெள்ளைக்காரக் கிழவிகள் இருந்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வர அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. காரணம் வேரோனிக்கா அக்காவினுடையது. அவரது தங்கை அன்ரனெற்றும் இரண்டு தம்பிமாரும் ரொறன்ரோவில் இருந்தார்கள். பிள்ளைகள் சொந்தக்காரரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்து வளருவது அவருக்குப் பொறுக்கவில்லை.

வந்து இறங்கியது ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், அன்ரனெற் இருந்த கட்டடத்திலேயே பதினெட்டாம் மாடியில். முதல் வாரமே யேசுரட்ணம் அண்ணை அந்த வீட்டைச் சுற்றிவந்து குறை கண்டுபிடித்தார். லண்டனில் விளக்கு எரிய சுவிச்சைக் கீழே தட்டவேண்டும், இங்கே மேலே. லண்டனில் சுவரில் உள்ள ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சுவிச் உண்டு, இங்கே இல்லை.

"சுவிச் இல்லாத பிளக்! சுவரிலை ரெண்டு ஓட்டை போட்டு விட்டிருக்கிறாங்கள். ஆர் இதுக்கு அனுமதி குடுத்தது?"

"மூண்டு கோடிச் சனம் உயிரோடைதானே இருக்கு" என்றார் வேரோனிக்கா அக்கா. "நீங்கள் முதலிலை லைற்றைப் போடுங்கோ."

லண்டன் சான்றிதழ்களைப் பார்த்த அரசாங்க அலுவலகம் அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் வேலை செய்ய வேண்டும். இவர் தனியே வேலை செய்யத் தகுந்தவர் என்று அவர் கடிதம் தர வேண்டும். அதன்பின் பரீட்சை எழுதி எழுபது புள்ளி எடுக்க வேண்டும். யாருக்கும் அவரைத் தெரியாத நகரத்தில் முதலாவதே நடக்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அட்டை மடித்தார். அந்த வருடத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. "அட்டை நல்ல அட்டை" என்பார்.

1993 வைகாசியில் ஒருநாள், பதினெட்டாம் மாடி நடைவழியில் விளக்குத் திருத்த ஓர் இளைஞர் வந்தார். ஏணியில் நின்ற அவரை யேசுரட்ணம் அண்ணை கீழிருந்து ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு தமிழிலேயே சொன்னார்.

"தம்பி, விளக்கிலை பிழையில்லை. அந்தப் பெட்டிக்கை ஒரு வயர் தளர்ந்து கிடக்கு. அதுதான் மின்னி மின்னி நிக்குது."

இளைஞர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"நீங்க எலெக்ட்ரிஷனா அண்ணன்?"

"லண்டனிலை."

"அப்ப ஏன் சும்மா நிக்கிறீங்க? ஏணியப் பிடிங்க."

அவர்தான் ஸவாஹிர். கொழும்பிலிருந்து பதினாறு வயதில் வந்து, தொழிலை இங்கேயே படித்தவர். இருபத்தொன்பது வயது, ஒரு வேன், தமிழர் வீடுகளில் நிறைய வேலை. அடுத்த திங்கட்கிழமையே யேசுரட்ணம் அண்ணை அட்டைக்கு விடை கொடுத்துவிட்டு அந்த வேனில் ஏறினார். முதலாளியைத் 'தம்பி' என்றும் வேலையாளை 'அண்ணன்' என்றும் கூப்பிடும் வேன் அது. கார்த்திகையில் கடிதம் தருவதாக ஸவாஹிர் சொன்னார். மாசியில் பரீட்சை. மார்ச்சில் இரண்டு வருடம் முடிகிறது. கணக்கு மட்டுமட்டாக இருந்தாலும் சரியாகத்தான் இருந்தது.

ஒக்ரோபரில் மல்வேர்னில் ஒரு வேலை வந்தது. கமலாம்பிகை அன்ரியும் கணவரும் வாங்கியிருந்த டவுன்ஹவுஸ். குசினியில் கரண்ட் ஸ்ரோவ் இருந்த இடம் அன்ரிக்குப் பிடிக்கவில்லை. அடுப்பு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில், இருக்கவேண்டும். ஸ்ரோவை நகர்த்துவது இலகு. அதற்குரிய தடித்த வயரை நகர்த்துவதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. பேஸ்மன்றில் இருந்த பிரேக்கர் பெட்டியில் வயரின் ஒரு முனையை ஸவாஹிர் கட்டினார். குசினிச் சுவரில் மறுமுனையை யேசுரட்ணம் அண்ணை கட்டினார்.

இங்கேதான் பிழை நடந்தது. லண்டனில் அந்த நாட்களில் சிவப்பு வயரில் கரண்ட் வரும். கறுப்பு வயர் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகும் வயர். ரொறன்ரோவில் சிவப்பிலும் கரண்ட், கறுப்பிலும் கரண்ட், வெள்ளைதான் நியூட்ரல். இது யேசுரட்ணம் அண்ணைக்குத் தெரியாததல்ல. பரீட்சைப் புத்தகத்தில் நாலுதரம் படித்திருந்தார். ஆனால் சுவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அன்ரி பின்னால் நின்று "முடிஞ்சுதோ, முடிஞ்சுதோ" என்று கேட்டுக்கொண்டிருக்க, கட்டியது தலையல்ல, பத்து வருடம் பழகிய கை. கறுப்பைக் கொண்டுபோய் நியூட்ரலில் பூட்டியது. வெள்ளையைக் கரண்ட் வரும் இடத்தில் பூட்டியது.

சோதித்துப் பார்க்காமல் விடுகிற ஆளுமல்ல அவர். மீற்றரை எடுத்துச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்தார். இருநூற்று நாற்பது காட்டியது. லண்டனில் கரண்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே காட்ட வேண்டிய அதே இலக்கம்; இங்கே அது இரண்டு கரண்ட் வயர்களுக்கு நடுவே காட்டுவது. திருப்தியோடு மூடினார். ஸ்ரோவைப் போட்டுப் பார்த்தார்; கை வைத்தால் சூடு தெரிந்தது. வெளியே வேனிலிருந்து ஸவாஹிர் ஹோன் அடித்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி பதினெட்டு நிமிடத்திலிருந்து பத்து மணி இரண்டு நிமிடம் வரைக்கும் சுபநேரம். ஸவாஹிரையும் யேசுரட்ணம் அண்ணையையும் அன்ரி மரியாதையாக அழைத்திருந்தார். வீடு நிறையச் சனம். புதுப் பானையில் பால் வைத்து, ஐயர் மந்திரம் சொல்ல, அன்ரி ஸ்ரோவின் குமிழைத் திருப்பினார். ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. பால் பேசாமல் கிடந்தது.

"கனடாப் பால். குளிர் விட நேரமெடுக்கும்" என்றார் ஒருவர்.

"ரெண்டு வீதப் பாலோ வாங்கினனீங்கள்? அது பொங்காது."

"பாலிலை பிழையில்லை. கமலாம்பிகை பாத்துக்கொண்டு நிக்கிறா. பால் பயந்து போச்சு."

அன்ரியின் முகம் சுருங்கத் தொடங்கியது. சிரித்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மணி ஒன்பதே முக்கால். கணவர் குரலை உயர்த்தினார்.

"நான் அண்டைக்கே சொன்னனான், பழைய ஸ்ரோவ் வாங்காதை எண்டு. இப்ப பார்."

யேசுரட்ணம் அண்ணை கதவடியில் நின்றிருந்தார். தலைகளுக்கு நடுவால் பானைக்குக் கீழே இருந்த சுருளைப் பார்த்தார். செக்கச் சிவந்திருக்க வேண்டிய சுருள் கரி நிறத்தில் கிடந்தது. பார்த்த அந்தக் கணமே விளங்கிவிட்டது என்றார் எனக்கு. வரவேண்டியதில் பாதி வோல்ற்றேஜ்தான் வருகிறது, அதனால் கால்வாசிச் சூடு. கறுப்பும் வெள்ளையும் மாறிக் கிடக்கின்றன. அவரது விரல்களுக்குக்கூட அது நினைவு வந்ததாம்.

குற்றம் ஏற்கெனவே ஸ்ரோவின் தலையில் விழுந்திருந்தது. பேசாமல் நின்றால், நாளைக்கு வந்து 'ஸ்ரோவைத் திருத்துகிறேன்' என்று சொல்லி ஒருவருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். கடிதம் தரவேண்டியவர் அவருக்குப் பக்கத்தில், அவரது தோளில் உரசியபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்ரோவ் நல்லது" என்றார் யேசுரட்ணம் அண்ணை. "நான்தான் பிழையாக் கட்டினது. அன்ரி, பானையை இறக்குங்கோ. எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ."

 அன்ரி ஐயரைப் பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"என்னட்டை மந்திரம் இன்னும் கனக்கக் கிடக்கு. நீங்கள் கழட்டுங்கோ."

ஸவாஹிர் பேஸ்மன்றுக்கு ஓடிப் பிரேக்கரை நிறுத்தினார். பட்டு வேட்டி கட்டிய இரண்டு பேர் ஸ்ரோவை இழுத்தார்கள். யேசுரட்ணம் அண்ணை கோட்டைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். தலைக்கு மேலே மந்திரம், பின்னால் முப்பது பேரின் மூச்சு. கறுப்பைக் கழற்றி அதன் இடத்தில் போட்டார். வெள்ளையை அதன் இடத்தில் போட்டார். இந்தமுறை பிரேக்கரைப் போடச் சொல்லி, மீற்றரை ஒவ்வொரு வயராகத் தனித்தனியே வைத்துப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் பானை திரும்ப ஏறியது. சுருள் சிவந்தது. பத்து மணிக்குப் பால் பொங்கி ஸ்ரோவ் முழுக்க வழிந்தது.

"கிழக்குப் பக்கமா வழிஞ்சது! நல்லது, நல்லது!" என்று ஒரு பெண் கத்தினார். வேரோனிக்கா அக்காவின் கணக்கில் அது மேற்கு. அவர் அங்கே இல்லவே இல்லை என்பதை யேசுரட்ணம் அண்ணை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

வேனில் ஏறிய பிறகு ஸவாஹிர் கேட்டார்.

"அந்த வீட்டுல நெருப்புப் பிடிச்சிருந்தா என்ன செய்வீங்க அண்ணன்?"

"எவ்வளவு பெரிய பிழையெண்டு தெரியும் தம்பி."

"நானும் திறந்து பாத்திருக்கணும். பாக்கல்ல. என்ட பிழையும்தான்." சிறிது தூரம் போனபின் மற்றதையும் சொன்னார். "கார்த்திகைக்கு லெட்டர் தரமாட்டேன். ஆறு மாசம் போகட்டும். நீங்க கட்டுற ஒவ்வொண்டையும் நான் திறந்து பாப்பேன். கோவிக்கப்படாது."

கோபம் வரவில்லை என்கிறார் யேசுரட்ணம் அண்ணை. வந்தது, ஒரு கிழமை வீட்டில் ஒருவரோடும் பேசவில்லை என்கிறார் வேரோனிக்கா அக்கா. ஆறு மாதம் என்றால் சித்திரை. மார்ச்சுக்குள் லைசென்ஸ் இல்லை. அவர் சொல்லிவிட்டு வந்த கணக்கின்படி திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆனால் மார்கழிக்கிடையில் ஒரு விசித்திரம் நடந்தது. கமலாம்பிகை அன்ரி தொலைபேசியில் பேசாத தமிழ் வீடு ஸ்காபரோவில் குறைவு. "பிழை விட்டால் சபையிலை சொல்லுற எலெக்ட்ரிஷன் ஒருத்தர் இருக்கிறார்" என்பது அவர் பரப்பிய செய்தி. ஸவாஹிரைக் கூப்பிட்டவர்கள், "அந்த லண்டன் ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். யேசுரட்ணம் அண்ணையும் ஒரு பழக்கம் பழகியிருந்தார். பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு வயராகத் தொட்டு, அது என்ன வயர் என்று வாய்விட்டுச் சொல்வார். ஏஜின்கோர்ட்டில் ஒரு வீட்டுக்காரர் அதைப் பார்த்து, வேதக்காரர் செபம் சொல்கிறார் என்று நினைத்து, முடியும்வரை கைகட்டி நின்றாராம்.

தை மாதத்தில் அருள்நாயகம் லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"மார்ச் வருது. நான் சாமான் கட்டவோ, வேண்டாமோ?"

வேரோனிக்கா அக்கா சோற்றுப் பானையைக் கிளறுவதை நிறுத்திவிட்டு நின்றார்.

"லைசென்ஸ் இன்னும் இல்லை" என்றார் யேசுரட்ணம் அண்ணை.

"அப்ப வாறாய்?"

"இல்லை. இஞ்சை என்னை நம்பிக் கொஞ்சச் சனம் இருக்கு. நீயே அந்த வீட்டை வாங்கன்."

வேரோனிக்கா அக்கா திரும்பக் கிளறத் தொடங்கினார். சோறு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அதையே சாப்பிட்டார்கள்.

சித்திரையில் ஸவாஹிர் கடிதம் தந்தார். சொன்ன நாளுக்கு ஒருநாள் முந்தியே தந்தார். ஐப்பசியில் எழுதிய பரீட்சையில் அறுபத்தெட்டு. இரண்டு புள்ளி போதவில்லை. "அட்டை மடிக்கப் போகேல்லைத்தானே. ஆறுதலாய் எழுதலாம்" என்றார் யேசுரட்ணம் அண்ணை. ஸவாஹிரின் வேனில் இப்போது அவருடைய ஆயுதங்களை வைக்கவென்று ஒரு தட்டு இருந்தது. பிள்ளைகள் சித்தி வீட்டில் கிடந்து வளர்ந்தார்கள். ஸ்காபரோவில் வீடு ஒன்று பார்த்து முற்பணமும் கட்டியாகிவிட்டது.

1995 ஆனி மாதத்தில் அவர் விட்பியில், இன்னும் தெருப்பெயர்கூட நடாத ஒரு புதுக் குடியிருப்பில், கூரையில்லாத வீடு ஒன்றுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பேஜர் துடித்தது. அதில் வீட்டு இலக்கம் வந்தால் வேரோனிக்கா அக்கா பேசக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். எங்காவது போன் தேடிப் போகவேண்டும். ஏணியில் நின்றபடியே ஒரு கையால் அதைக் கழற்றிப் பார்த்தார். ஏழு இலக்கங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. திரும்ப எழுதிய பரீட்சையின் முடிவுக் கடிதத்தைப் பிரித்த வேரோனிக்கா அக்கா போனுக்குப் பக்கத்தில் காத்திருக்கவில்லை. அவர் வாசிக்க வேண்டியதை மட்டும் அழுத்திவிட்டு வைத்துவிட்டார்.

83.