அழுதுவிடுவேனாம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, தேனியில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை அறையில் போட்டார்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், ஐந்து நிமிடம் பார்க்கலாம். அதற்கு ஒரு மஞ்சள் அட்டை. அந்த அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அவருடைய அண்ணன்.

"பொம்பள உள்ள போயி ஒப்பாரி வச்சா அவன் நெஞ்சு தாங்குமா? நீ பேசாம இங்கன இருத்தா" என்றார்.

நானா ஒப்பாரி வைப்பேன்? திராட்சைத் தோட்டத்தில் அவர் சாய்ந்தபோது தூக்கியவள் நான். சுருளிப்பட்டியிலிருந்து ஜீப் பிடித்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேனிவரை வந்தவள் நான். வழியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

முதல் நாள் காலை அண்ணன் போனார். சரி, கூடப்பிறந்தவர். மாலை ஜெயமங்கலத்து நாத்தனார். மறுநாள் காலை கம்பத்துச் சித்தப்பா. வாழை மண்டி வைத்திருப்பவர், காக்க வைத்தால் கோபித்துக்கொள்வாராம். அன்று மாலை அவருடைய மருமகன். அடுத்த நாள் காலை யாரோ தூரத்துச் சொந்தம். எல்லாரும் வெளியே வந்து, "நல்லா இருக்காக" என்று ஆரஞ்சுப் பையை என்னிடம் நீட்டிவிட்டு பஸ் ஏறினார்கள். எனக்கு எதற்கு ஆரஞ்சு?

நான் வராந்தாவிலேயே கிடந்தேன். சும்மா இருக்க முடியாமல் அவருடைய வேட்டியைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். காய்ந்ததும் எடுத்து அதையே மறுபடி துவைத்தேன். அதுவும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

மூன்றாம் நாள் மாலை ஒரு பங்காளி வந்தார். வாய்க்கால் தகராறில் என் வீட்டுக்காரரோடு ஆறு வருடமாகப் பேச்சே இல்லாதவர். அவரிடம் அட்டையை நீட்டினார் அண்ணன்!

"பெரிய மனுசர் தேடி வந்துருக்காக, திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் என் கையைப் பிடித்து அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"நீ இருக்கியா புள்ள? வாரவக எல்லாம் நான் கேக்குறதுக்கு முன்னயே, 'அவ நல்லாத்தான் இருக்கா, கவலப்படாத'ங்குறாக. ஆள மட்டும் கண்ணுல காட்டல. ஒனக்கு என்னமோ ஆயிருச்சு, மறைக்கிறாகன்னு நெனச்சேன்." சொல்லும்போதே தேம்பினார்.

மூன்று நாள்! நெஞ்சுவலிக்காரர் மூன்று நாளாக என்னைச் சாகக்கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார். நானோ பத்தடி தள்ளி அவர் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸ் வந்து போகச் சொன்னாள். வெளியே வந்தால், அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பங்காளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் பல்லைக் கடித்தார்.

"உள்ள போயி அழுதியா?"

"நான் அழுகல மாமா," என்றேன். "ஒங்க தம்பிதான் அழுதாக."