மூன்றடுக்குக் கேக்கும் இரட்டைக் கிளச்சும்

எங்கள் காரில் கிளச் பெடல் கிடையாது. ஆனால் உள்ளே இரண்டு கிளச் இருக்கின்றன. கியரைக் கார் தானே மாற்றிக்கொள்ளும். என் கணவர் ஓட்டினால் அது தவளை மாதிரி குதிக்கும். "கார் சரியில்லை, வித்துடலாம்" என்பார். நான் ஓட்டினால் மட்டும் ஏன் குதிப்பதில்லை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

காரணம் எனக்குத் தெரியும். ரோட்டு ஜாமில் முன்னால் இடம் விட்டால் யாராவது பொத்தோங் செய்து குறுக்கே புகுந்துவிடுவார்கள். அவருக்கு அது மானப் பிரச்சினை. அதனால் பிரேக்கைப் பாதி விட்டு, முன் வண்டியை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருப்பார். இந்தக் கியருக்கு அது ஆகவே ஆகாது. முழுதாகப் பிடிக்க முடியாமல் கிளச் சூடேறி உதறும்.

வீட்டிலேயே கேக் செய்து விற்கும் எனக்கு முதல் கல்யாண ஆர்டர் வந்தது. மூன்றடுக்குக் கேக், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குப் போக வேண்டும். அது வழியில் சரிந்தால் இனி யாரும் என்னை நம்பிக் கல்யாணத்துக்குக் கேக் சொல்லமாட்டார்கள்.

"என் தம்பி வேன்ல அனுப்பிடலாம் லா. இந்தக் காரை நம்பாதே" என்றார் கணவர்.

"நான் ஓட்டுறேன். நீங்க பின்னால உக்காந்து பெட்டியைப் பிடிச்சுக்குங்க, போதும்."

ஃபெடரல் ஹைவேயில் எதிர்பார்த்தபடியே ஜாம். முன் கார் நகர்ந்ததும் நான் நகரவில்லை. நன்றாக இடம் விழட்டும் என்று நின்றேன். பிறகு பிரேக்கிலிருந்து காலை முழுதாக எடுத்தேன். கார் தானாக உருள ஆரம்பித்த பிறகுதான், சப்பாத்தி மாவை அழுத்துவது போல வேகம் கூட்டும் எண்ணெய்ப் பெடலை மெல்ல அழுத்தினேன். கியர் மாறியதே தெரியவில்லை.

நான் விட்ட இடத்துக்குள் ஒரு டாக்சி நுழைந்தது. பின்னாலேயே ஒரு லோரி.

"எல்லாரும் நுழையிறான், நீ பாத்துக்கிட்டே இருக்கே!"

"நுழையட்டும். கேக் ஆடுதா?"

பெட்டியைக் குனிந்து பார்த்தார். "ஆடல" என்றார். எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம்.

மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்துக்குச் செங்குத்தான ஏற்றம். பாதியில் வரிசை நின்றுவிட்டது. எண்ணெய் கொடுத்து ஏற்றத்தில் காரைத் தாங்கக் கூடாது. பிரேக்கை நன்றாக மிதித்து நின்றேன். வழி கிடைத்ததும் பிரேக்கை விட்டேன். விட்ட பிறகும் ஒரு கணம் கார் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்தக் கணத்துக்குள் பெடலை மெல்லத் தொட்டேன், பின்னால் உருளாமல் ஏறியது. பின்சீட்டில் அவர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

மண்டபத்தில் பெண்ணின் அம்மா பெட்டியைத் திறந்தார். உச்சியில் வைத்த சர்க்கரைப் பூவில் ஒரு இதழ்கூட உதிரவில்லை. அவர் என் கணவரைப் பார்த்து, "அண்ணே, எவ்வளவு பக்குவமா ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான்தான் ஓட்டினேன்கா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"கேக் செஞ்சதும் நீங்க, ஓட்டினதும் நீங்களா?"

"எல்லாம் அவதான்" என்றார் என் கணவர். "நான் சும்மா ஏறி வந்தேன்."

இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்று அங்கேயே நின்றேன்.