ஒரு மீட்டர் கருப்பு வயர்

1. படகில் பாடி எர்த் கிடையாது

முதன்முதலாக ஒரு பைபர் படகில் வேலைக்கு ஏறியபோது நான் கேட்ட முதல் கேள்வி, “எர்த் எங்கண்ணே அடிக்கிறது?” என்பதுதான். படகுக்காரர் கலியமூர்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சேகரு, இது பைபரு. இதுல எர்த்துக்கு நான் எங்க போவேன்?”

எனக்குத் தவளக்குப்பம் சந்திப்பில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. சொந்த ஊர் கிருமாம்பாக்கம். கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம். கடல் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான் என்றாலும் கடலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் கற்றது எல்லாம் டிராக்டரிலும் கரும்பு லாரியிலும். அதற்குப் பிறகு கார் ஸ்டீரியோ வேலையும் வந்து சேர்ந்தது.

காரில் வேலை சுலபம். பேட்டரியிலிருந்து சிவப்பு வயரை ஃப்யூஸ் போட்டு ஆம்ப்ளிஃபயர் வரை இழுக்க வேண்டும். கருப்பு வயருக்கு அந்தப் பாடு இல்லை. பக்கத்தில் எங்கே இரும்பு இருக்கிறதோ அங்கே பெயிண்டைச் சுரண்டி ஒரு ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டால் போதும். வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸ்தான். அதனால் கடையில் விற்கும் வயரிங் கிட்டிலேயே சிவப்பு ஐந்து மீட்டர், கருப்பு ஒரு மீட்டர் என்றுதான் வரும். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு மீட்டர் எனக்குப் பத்தாமல் போனதே இல்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். பக்கத்து மீனவக் கிராமமான பனித்திட்டில் படகுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. வேலை பார்க்க இதைவிட வசதியான சமயம் கிடையாது. கலியமூர்த்தியின் படகில் பேட்டரி பின்பக்கம் இஞ்சின் பெட்டிக்குள் இருந்தது. பாட்டு செட் வைக்கச் சொன்ன இடம் முன்னால், ஸ்டீரிங் கேபினில். சிவப்பு வயர் தாராளமாக வந்தது. ஃப்யூஸை முறைப்படி பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட்டேன். கருப்பு வயர் கேபினைத் தாண்டவில்லை.

கடைக்குத் திரும்பிப் போய் இன்னொரு சுருள் எடுத்து வந்திருக்கலாம். பைக்கில் ஒரு கால் மணி நேரம். எனக்குச் சோம்பல். கேபினில் வயர்லெஸ் செட்டுக்கு ஏற்கெனவே ஒரு கருப்பு வயர் பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை நடுவில் வெட்டி, பாட்டு செட்டின் கருப்பையும் சேர்த்து மூன்று முனையையும் முறுக்கி, டேப் சுற்றி, பலகைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மைனஸ் எல்லாம் மைனஸ்தானே என்பது என் கணக்கு.

பாட்டு அருமையாகக் கேட்டது. கூடப் போகிற மூன்று பேரும் வந்து கேட்டுவிட்டு, டீ வாங்கித் தந்தார்கள். அந்தத் தடைக்காலத்தில் மொத்தம் ஐந்து படகுக்குப் பாட்டு செட் போட்டேன். ஐந்திலும் அதே ஜாயிண்ட்.

2. பேட்டரியைப் பார் என்றேன்

கார்த்திகை மாதம் கலியமூர்த்தி கடைக்கு வந்தார். அப்போது ஒரு கரும்பு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தேன். ஆலைக்குப் போக வேண்டிய லோடு, டிரைவர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

“சேகரு, வயர்லெஸ்ஸு மக்கர் பண்ணுது. மத்தவங்க பேசுறது நல்லா கேக்குது. நான் மைக்க அமுக்குனா சில நேரம் செட்டு அணைஞ்சி அணைஞ்சி எரியுது.”

லாரிக்கு அடியிலிருந்தே பதில் சொன்னேன். “பேட்டரி வீக்கா இருக்கும்ணே. சார்ஜ் போட்டுப் பாருங்க.”

அவர் சரி என்று போய்விட்டார். வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்து, எப்போதிலிருந்து என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். நான் வெளியே வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

3. கரை செட்டில் ஒரு சத்தம்

தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம். மீன் ஏற்றும் ஒரு மினி லாரிக்கு ஹெட்லைட் சரிபார்க்கப் பனித்திட்டு போயிருந்தேன். காலையில் போன படகுகள் பதினோரு மணிக்குள் வந்துவிட்டன. கலியமூர்த்தியின் படகு மட்டும் வரவில்லை. இரண்டு மணி ஆகியும் காணோம். அன்று வாடைக் காற்று பலமாக இருந்தது. இஞ்சின் நின்றால் படகைத் தெற்கே எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வலை கட்டும் கூடத்தில் கரை வயர்லெஸ் செட் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் மாசிலாமணி. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், மைக்கைக் கலியமூர்த்தியின் மனைவி ஜெயாவிடம் கொடுத்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து நானும் போய் நின்றேன்.

“எங்க இருக்கீங்க? பேசுங்க. எங்க இருக்கீங்க?” ஜெயா இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது.

பதில் வரவில்லை. ஆனால் அவள் மைக்கை விட்டதும் ஸ்பீக்கரில் ‘க்ரக்’ என்று ஒரு சத்தம் வந்து நின்றது. சிறிது நேரம் கழித்து இன்னொரு ‘க்ரக்’.

மாசிலாமணி எரிச்சலோடு சொன்னார். “காலையிலேர்ந்து இதே கூத்து. எவனோ மைக்க அமுக்கி வெளையாடுறான். அவன் மட்டும் கையில கெடச்சான்னா…”

ஜெயா கூப்பிட்டாள். ‘க்ரக்.’ மறுபடியும் கூப்பிட்டாள். ‘க்ரக்.’ விளையாடுகிறவன் ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டு முடித்ததும் எதற்கு அமுக்க வேண்டும்?

வயர்லெஸ் செட் கேட்பதற்குக் கரண்டு கொஞ்சம்தான் இழுக்கும். பேசுவதற்குப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். மைனஸ் ஜாயிண்ட் உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்துப் போயிருந்தால், கேட்கிற அளவுக்குக் கரண்டு போகும். மைக்கை அமுக்கிய கணமே வோல்டேஜ் விழுந்து செட் அணைந்துவிடும். விட்டால் மறுபடி எரியும். அணைவதற்கு முந்திய அந்த ஒரு கணம்தான் இங்கே ‘க்ரக்’ என்று கேட்கிறது. கார்த்திகையில் அவர் என்னிடம் சொன்னது இதைத்தான்.

அவர்களுக்கு நாங்கள் பேசுவது கேட்கிறது. ஜிபிஎஸ் கையடக்கக் கருவி, அதில் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியும். கடலில் அவ்வளவு தூரத்துக்கு செல்போன் எடுக்காது; வாயைத் திறந்து சொல்லத்தான் வழியில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் வெளியூர்க்காரன். அந்த மைக்கில் பேசினால் கடலில் இருக்கிற எல்லாப் படகுக்கும் கேட்கும். பேட்டரிதான் காரணம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்படிச் சொன்னால் அவர்கள் பேட்டரியைத்தான் குடைந்துகொண்டிருப்பார்கள். ஜாயிண்ட் இருக்கிற இடம் தெரியாமலே போய்விடும்.

“ஜெயாம்மா, மைக்க எங்கிட்ட குடு. அது வெளையாட்டு இல்ல. அவருதான் அமுக்குறாரு.”

“உனக்கு எப்படிண்ணே தெரியும்?”

“அந்த ஜாயிண்ட்டு நான் போட்டது.”

அவள் மைக்கை என் கையில் திணித்தாள்.

4. அமுக்கினால் ஆமாம்

“கலியமூர்த்தி அண்ணே, நான் சேகர் பேசுறேன், தவளக்குப்பம் எலக்ட்ரிசியன். நீங்க பேச வேணாம். நான் பேசுறது கேட்டா ஒரே ஒரு தடவ மைக்க அமுக்கி வுடுங்க.”

‘க்ரக்.’

கூடத்தில் இருந்தவர்கள் ஸ்பீக்கரை நெருங்கி வந்தார்கள்.

“இனிமே ஆமான்னா அமுக்குங்க. இல்லன்னா சும்மா இருங்க. நாலு பேரும் நல்லா இருக்கீங்களா?”

‘க்ரக்.’ ஜெயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இஞ்சின் ஓடுதா?”

சத்தம் இல்லை.

“படகுல தண்ணி ஏறுதா?”

‘க்ரக்.’

மாசிலாமணி திரும்பி இரண்டு படகுக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தத் திசைக்குப் போவது என்று அவர்களுக்கும் தெரியாது.

“அண்ணே, நல்லா கேளுங்க. ஸ்டீரிங்குக்குக் கீழ பலகைக்குப் பின்னால நான் ஒரு ஜாயிண்ட்டு போட்டுருக்கேன். தப்பான ஜாயிண்ட்டு. என் தப்புதான். அதுதான் உங்களப் பேச வுடாம பண்ணுது. மொதல்ல பாட்டு செட்ட நிறுத்துங்க. பலகைய ஒடைங்க. மூணு கருப்பு வயரு டேப்பு சுத்தி உருண்டையா இருக்கும். கெடச்சா அமுக்குங்க.”

நேரம் போனது. மூன்று நிமிஷமா ஐந்து நிமிஷமா தெரியவில்லை. ‘க்ரக்.’

“அத வெட்டிப் போடுங்க. ரெண்டு பக்கமும் வயர உரிச்சிப் பாருங்க. பச்சையா இருந்தா இன்னும் வெட்டுங்க. கம்பி செக்கச்செவேல்னு தெரியிற வரைக்கும் வெட்டுங்க. அப்ப வயரு எட்டாது. பாட்டு செட்டுக்குப் போற தடி கருப்பு வயரு ஒரு மீட்டர் இருக்கும். அத வெட்டி நடுவுல குடுத்து, கத்தியால சொரண்டிட்டு இறுக்கி முறுக்குங்க. சிவப்பு வயருல கைய வெக்காதீங்க. செட்டு அணைஞ்சிடும், பயப்படாதீங்க. முடிச்சிட்டுப் பேசுங்க.”

அதற்குப் பிறகு ‘க்ரக்’ சத்தமும் நின்றுவிட்டது. செட்டை இப்போது நான்தான் முழுசாக அணைக்க வைத்திருந்தேன். அவர் கை நடுங்கினாலோ, படகு ஆடி வயர் நழுவினாலோ, நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது என்ற ஒன்றும் போய்விடும். ஜெயா என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரை, கரை. கலியமூர்த்தி பேசுறேன்.”

மாசிலாமணி சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் ஓடினார். கலியமூர்த்தி ஜிபிஎஸ் எண்களை ஒவ்வொன்றாக, இரண்டு தடவை சொன்னார். படகுக்கு அடியில் புரொப்பல்லரைச் சுழற்றுகிற ஷாஃப்ட் உருவிக்கொண்டு போய், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வருகிறது, லுங்கியைக் கிழித்து அடைத்திருக்கிறோம், கேனால் இறைக்கிறோம் என்றார். நான்கு பேரில் இரண்டு பேருக்குக் கை ஓய்ந்துவிட்டது என்றும் சொன்னார்.

5. மற்ற நாலு படகு

பொழுது சாய்வதற்குள் படகைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். நான் ஓரமாக நின்றிருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் நின்றேன். கலியமூர்த்தி நேராக என்னிடம் வந்தார். அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

“தண்ணி கூட பயமில்ல சேகரு. அவ கூப்புட்டுக்கினே இருந்தா. எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னு. தோ இருக்கேன்டின்னு கத்துறேன். அவளுக்குக் கேக்கல.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஜெயா குறுக்கிட்டாள்.

“அண்ணே, போன தடைக்காலத்துல நீ எத்தினி படகுக்குப் பாட்டு போட்ட?”

“அஞ்சு.”

“அப்ப மத்த நாலுலயும் இதே ஜாயிண்ட்டு தானே? அவங்க விடிஞ்சா கடலுக்குப் போறாங்க.”

அந்த நேரம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. என் மானம், என் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த நாலு படகையும் ஜெயாவே பேசி நிறுத்திவைத்தாள். நான் இரண்டு சுருள் கருப்பு வயரோடு போனேன். ஒவ்வொன்றிலும் டேப்பைப் பிரித்தேன். இரண்டில் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைபர் படகில் சிவப்பு எவ்வளவு தூரம் போகிறதோ, கருப்பும் அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். பாட்டுக்கு ஒரு ஜோடி, வயர்லெஸ்ஸுக்கு ஒரு ஜோடி, இரண்டும் தனித்தனியாகப் பேட்டரி வரை. நடுவில் முறுக்கு ஜாயிண்ட் கூடாது. ஈயம் பூசிய கம்பி வாங்குங்கள், நுனியில் லக் என்ற செப்பு வளையம் போட்டு அமுக்குங்கள், மேலே உப்புத் தண்ணீர் புகாத ஸ்லீவ் போடுங்கள். பாட்டு கேட்டுவிட்டது என்று கிளம்பாதீர்கள். வயர்லெஸ்ஸில் படகுக்காரரைப் பேசச் சொல்லி, கரையிலிருந்து பதில் வரும் வரை இறங்காதீர்கள்.

கலியமூர்த்தியின் படகு ஷாஃப்ட் வேலை முடிந்து வர ஒரு மாதம் ஆனது. பாட்டே வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். கூடப் போகிறவர்கள் கேட்டதால் ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் புதிதாக இழுத்து முடித்துவிட்டு, மைக்கை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“நீ பேசு,” என்றார்.

நான் அமுக்கினேன். “கரை, கேக்குதா?”

“கேக்குது,” என்றாள் கரை செட்டிலிருந்து ஜெயா. “அவர பேசச் சொல்லு.”

அவர் மைக்கை வாங்கி, அமுக்கிப் பிடித்தபடி நின்றார். செட்டின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“ஜெயா, நான் பேசுறது கேக்குதா?”

“கேக்குது.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“கேக்குதுய்யா,” என்றாள்.

நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கினேன்.